பாசிக் ஆற்று முகத்தில் ஒரு கோட்டை

தென்னார்க்காட்டுப் பக்கத்து உழவர்கள் வேர்க்கடலையை மணிலாக் கொட்டை என்று கூறுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பேச்சு வழக்கில் அது மல்லாக்கொட்டை என்றும், இன்னும் சுருங்கி மல்லாட்டை என்றும் ஆகிவிடும். சிறு வயதில் அந்தச் சொல்லை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால், அதனுள் கடல் கடந்த ஒரு நகரத்தின் பெயர் ஒளிந்திருக்கிறது என்பதைப் பள்ளியில் பூகோளம் படித்த பிறகே உணர்ந்தேன். தென் அமெரிக்காவில் தோன்றிய அந்தப் பயிர் ஸ்பானியரின் கப்பல்களில் ஏறிப் பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்தது. அத்தீவுகளின் தலைநகரான மணிலாவின் பெயரோ நம் நாட்டுப் புன்செய்க் காடு வரை வந்து சேர்ந்துவிட்டது.

மணிலாக் கொட்டையை அறிந்த நாம் மணிலாக் கோட்டையை அறிந்தோமில்லை. அதைப் பற்றித்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மணிலா நகருக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே தங்கிய நாட்களில் ஒரு முழுப் பகலை அந்தக் கோட்டையிலேயே கழித்தேன். காலையில் உள்ளே நுழைந்தபோது, ஸ்பானியர் கட்டிய பழைய கட்டடம் ஒன்றைக் காணப்போகிறோம் என்ற எண்ணமே இருந்தது. மாலையில் வெளியே வந்தபோது வேறொரு கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது. கோட்டை என்பது யாரைக் காக்கிறது? எளிய கேள்விதான். ஆயினும், அந்த ஒரு கோட்டையின் நானூறு ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், விடை அவ்வளவு எளிதன்று என்பது விளங்கும்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். பிலிப்பைன்ஸ் நாடு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளால் ஆனது. அவற்றுள் பெரியது லூசோன். அதன் மேற்குக் கரையில் மணிலா விரிகுடா அமைந்திருக்கிறது. உள்நாட்டிலுள்ள ஒரு பெரிய ஏரியிலிருந்து புறப்படும் பாசிக் என்னும் ஆறு, சுமார் 25 கிலோமீட்டர் ஓடி அந்த விரிகுடாவிற் கலக்கிறது. ஆறு கடலோடு கூடும் அந்த முகத்துவாரத்தில், தென்கரையில் நிற்பதே சாந்தியாகோ கோட்டை. கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழையும் தோணியும் கப்பலும் அதன் கண்ணில் படாமல் நுழைய முடியாது. அந்த வாயிலைக் கையில் வைத்திருப்பவர், உள்நாட்டு வாணிகத்தையும் கையில் வைத்திருப்பவராவர்.

நம் முன்னோர் அரணை நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என நான்காக வகுத்தனர். இங்கே இயற்கை தந்தது நீரரண். வடக்கே ஆறு, மேற்கே கடல். இன்று மேற்குப் புறத்தில் துறைமுகத்துக்காகத் தூர்த்தெடுத்த நிலம் பரந்து கிடக்கிறது. அந்நாளில் அலைகள் மதிலின் அருகிலேயே மோதின. தெற்கே மட்டும் நிலம். அந்தப் பக்கத்தில் அகழி வெட்டி, ஆற்றுநீரை அதில் பாய்ச்சினர். ஆகவே, கோட்டை ஏறக்குறைய முக்கோண வடிவில் அமைந்தது. அதன் சுற்றளவு சுமார் 620 மீட்டர். பெரிய கோட்டையன்று, காலாற நடந்தால் பத்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம். அதற்குத் தெற்கே, தனி மதில் சூழ்ந்த நகரம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் இன்ட்ராமூரோஸ். இலத்தீன் மொழியில் 'மதில்களுக்கு உள்ளே' என்பது பொருள். மதிலகம் என்று தமிழில் அழகாகச் சொல்லலாம். அந்த மதிலகத்தின் தலைப்பகுதியில், கடைசிப் புகலிடமாக நின்றது சாந்தியாகோ கோட்டை.

இவ்விடத்தில் முதலில் அரண் அமைத்தவர் ஸ்பானியர் அல்லர். அவர்கள் வருமுன்பே ராஜா சுலைமான் என்ற முஸ்லிம் தலைவரின் ஊர் அங்கே இருந்தது. 'ராஜா' என்ற சொல் அத்தனை தொலைவு சென்றிருப்பதைக் கவனியுங்கள். பெரிய மரங்களை வரிசையாக நட்டு, மண்ணைக் கொட்டி இறுக்கி அவர் அரண் எழுப்பியிருந்தார். அதில் பீரங்கிகளும் இருந்தன. 1570 ஆம் ஆண்டு மே மாதத்தில் மார்த்தின் தெ கோய்த்தி என்ற ஸ்பானியத் தளபதி அங்கே வந்தார். பேச்சு முறிந்தது, போர் மூண்டது, ஊர் தீக்கு இரையாயிற்று. அடுத்த ஆண்டு, மிகேல் லோப்பேஸ் தெ லெகாஸ்பி என்பவர் படையோடு வந்து, 1571 ஜூன் 24 ஆம் நாள் மணிலாவை ஸ்பானிய நகராக நிறுவினார். சுலைமானின் அரண் நின்ற அதே இடத்தில் ஸ்பானியரின் மரக்கோட்டை எழுந்தது. நல்ல இடம் என்று ஒருவர் கண்டதை, அவரை வென்றவரும் நல்ல இடம் என்றே கண்டார்.

மரக்கோட்டை நெடுநாள் நிற்கவில்லை. 1574 நவம்பர் இறுதியில் லிமாஹோங் என்ற சீனக் கடற்கொள்ளைத் தலைவன் பெரும் படையோடு மணிலாவைத் தாக்கினான். கோய்த்தி கொல்லப்பட்டார், கோட்டையும் அழிந்தது. லிமாஹோங்கைத் துரத்திவிட்ட பிறகும் ஸ்பானியரின் அச்சம் தீரவில்லை. மரமும் ஓலையும் இனி உதவா, கல்லே வேண்டும் என்று முடிவு செய்தனர். கோமஸ் பேரெஸ் தாஸ்மரினியாஸ் என்ற ஆளுநரின் காலத்தில், 1590 முதல் 1593 வரையுள்ள ஆண்டுகளில், கற்கோட்டை உருவாயிற்று.

கல் எங்கிருந்து வந்தது? பாசிக் ஆற்றின் மேற்பகுதியில் குவாதலூப்பே என்னும் இடம் இருக்கிறது. எரிமலைகள் கக்கிய சாம்பல் பன்னெடுங் காலமாகப் படிந்து இறுகி அங்கே கல்லாகியிருந்தது. அது வெட்டுவதற்கு இலகுவான கல். அதைத் தோணிகளில் ஏற்றி ஆற்றோடு கொண்டுவந்து கோட்டையடியில் இறக்கினர். பணம் எங்கிருந்து வந்தது? சரக்குகளின் மீது விதித்த வரியிலிருந்து ஒரு பகுதி வந்தது. இன்னொரு பகுதி வந்த வழியைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சீட்டுக்கட்டு விற்கும் ஏகபோக உரிமையை அரசு வைத்துக்கொண்டு, அளவுக்கு மிஞ்சிச் சீட்டாடியவர்களிடம் தண்டமும் வாங்கிற்று. அந்தப் பணம் மதில் கட்ட உதவிற்று!

உழைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் சிரிப்பு வராது. கல் சுமந்தவர்கள் அந்நாட்டு மக்களும் அங்கே குடியேறிய சீனரும் ஆவர். ஸ்பானியர் ஆட்சியில் 16 வயது முதல் 60 வயது வரையுள்ள நாட்டு ஆடவர் ஆண்டுக்கு 40 நாள் அரசுக்குக் கட்டாய வேலை செய்ய வேண்டும் என்ற முறை இருந்தது. மரம் வெட்டுதல், கப்பல் கட்டுதல், சாலை போடுதல், மதில் எழுப்புதல் ஆகிய எல்லாமே அந்த நாட்களில் அடங்கும்.

கோட்டைக்குச் சாந்தியாகோ என்று பெயரிட்டனர். இது நமக்கு அயலான பெயரன்று. ஏசுநாதரின் சீடர்களுள் ஒருவரை ஸ்பானிய மொழியில் சாந்தியாகோ என்பர். அவரையே நம் நாட்டுக் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று வணங்குகின்றனர். இராமேசுவரத்துக்கு அருகே தங்கச்சிமடத்தில் அவர் பெயரால் ஒரு பழங்கோயில் உண்டு. ஸ்பானியர் அவரைத் தம் நாட்டின் காவலராகவும் போரில் துணை நிற்பவராகவும் கருதினர். கோட்டையின் முகப்பில், குதிரைமீது அமர்ந்து பகைவரை வீழ்த்தும் கோலத்தில் அவருடைய உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். மீன் பிடித்து வாழ்ந்த ஓர் எளிய அடியார், வெற்றி கொள்ள வந்தவர்களின் கையில் போர்வீரராகிவிட்டாரே என்ற எண்ணம் எழுந்தது.

இனி, இக்கோட்டை அமைந்த முறையைச் சற்று நோக்குவோம். நம் நாட்டுப் பழங்கோட்டைகளின் மதில்கள் வானளாவ நிற்கும் என்று படித்திருக்கிறீர்கள். அம்பும் வேலும் போர்க்கருவிகளாக இருந்த காலத்தில் உயரமே காவல். ஏற முடியாத மதிலே சிறந்த மதில். பீரங்கி வந்தபின் அந்தக் கணக்கு மாறிவிட்டது. உயர்ந்து மெலிந்த மதில், குண்டு படும்போது சரிந்து விழும். ஆகவே ஐரோப்பியர் மதிலின் உயரத்தைக் குறைத்துத் தடிப்பைக் கூட்டினர். சாந்தியாகோ கோட்டையின் மதில் ஏழு மீட்டருக்கும் குறைந்த உயரமும், இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட தடிப்பும் உடையது.

இரண்டாவது, கொத்தளம். நேராக ஓடும் மதிலின் அடியில் பகைவன் ஒட்டி நின்றுகொண்டால், மேலே உள்ளவனால் அவனைச் சுட முடியாது. இக்குறையைப் போக்க, மதிலின் மூலைகளில் வெளியே நீண்ட முனைகளைக் கட்டினர். அம்முனையில் நிற்பவன் பக்கவாட்டில் திரும்பி, மதிலின் அடி முழுவதையும் சுடலாம். நகரத்தை நோக்கிய தெற்கு மதிலின் இரு கோடியிலும் இத்தகைய அரைக்கொத்தளங்கள் உள்ளன. ஆற்றுப் பக்கத்தில் இருப்பது சான் பெர்னாந்தோ; கடற்பக்கத்தில் இருப்பது சான் மிகேல். முக்கோணத்தின் கூர்முனையில், ஆறும் கடலும் கூடும் இடத்தில், சாந்தா பார்பரா என்னும் பெரிய கொத்தளம் நிற்கிறது. பார்பரா என்பவர் பீரங்கி வீரர்களின் காவல் தெய்வமாகக் கருதப்படும் புனிதவதி. அங்கிருந்த பீரங்கிகள் ஒரு புறம் கடலையும், ஒரு புறம் முகத்துவாரத்தையும், ஒரு புறம் ஆற்றையும் நோக்கியிருந்தன. அக்கொத்தளத்தின் கீழே பண்டகசாலைகளும் வெடிமருந்து அறைகளும் அமைந்தன. அந்த அறைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் மீண்டும் அங்கே செல்ல வேண்டும்.

இத்தனை காவலும் எதற்காக? அந்நாளைய மணிலாவின் செல்வம் ஒரு கப்பலில் அடங்கியிருந்தது. சீனத்துப் பட்டும் பீங்கானும், மலுக்குத் தீவுகளின் நறுமணப் பொருள்களும், நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளும் மணிலாவிற் குவியும். அவற்றை ஏற்றிக்கொண்டு ஆண்டுதோறும் ஒன்றிரண்டு பெருங் கப்பல்கள் பசிபிக் மாகடலைக் கடந்து, மெக்சிகோ நாட்டின் அக்காப்புல்கோ துறைமுகத்துக்குச் செல்லும். திரும்பும்போது வெள்ளி நாணயங்களை நிறைத்துவரும். 1565 முதல் 1815 வரை, இரண்டரை நூற்றாண்டுக் காலம் இந்தக் கடல்வழி நடைபெற்றது. கப்பல் வந்த ஆண்டு மணிலாவுக்குத் திருவிழா. வராத ஆண்டு வறட்சி. கோட்டை காத்தது முதலாவதாக அந்த வெள்ளியைத்தான்.

அந்த வாணிகத்தின் முதுகெலும்பாக இருந்தவர்கள் சீனர். ஆனால் மதிலகத்துக்குள் குடியிருக்க அவர்களுக்கு இடமில்லை. பரியான் எனப்படும் தனிப் பகுதியில், மதில்மேலிருந்த பீரங்கிகளின் குண்டு எட்டும் தொலைவில், அவர்களைக் குடியேற்றினர். அவர்களின்றி நகரத்துக்கு உணவும் உடையும் இல்லை. அவர்களைக் கண்டால் அச்சமும் தீரவில்லை. 1603 இல் ஐயமும் வதந்தியும் முற்றிக் கலகம் மூண்டபோது, பல்லாயிரம் சீனர் கொல்லப்பட்டனர். மதிலுக்குக் கல் சுமந்த இனத்தாரையே மதிலின் பீரங்கி குறிபார்த்தது. காவல் என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்பதை அந்த ஆண்டு காட்டிற்று.

வெளியிலிருந்து வரும் பகைவரையாவது கோட்டை தடுத்ததா? இவ்விடத்தில்தான் நம் சென்னை நகரம் கதைக்குள் நுழைகிறது. 1762 இன் தொடக்கத்தில் இங்கிலாந்து ஸ்பெயினின்மேல் போர் தொடுத்தது. சென்னையிலிருந்த ஆங்கிலேயர் மணிலாவை முன்பே அறிந்தவர். ஸ்பானியர் பிற ஐரோப்பியரை அங்கே வாணிகம் செய்ய விடாததால், ஆர்மேனியர் முதலிய ஆசிய வணிகரின் பெயராலும் கொடியாலும் சென்னைச் சரக்கை அங்கே அனுப்பிவந்தனர். இப்போது சரக்குக்குப் பதிலாகப் படையை அனுப்பினர். 1762 ஆகஸ்ட் தொடக்கத்தில், வில்லியம் டிரேப்பர் என்ற தளபதியின் தலைமையில், தென்மேற்குப் பருவக்காற்றைத் துணைகொண்டு கப்பல்கள் சென்னையை விட்டுப் புறப்பட்டன. ஆங்கிலச் சிப்பாய்களும், கடற்படையினரும், கம்பெனி தந்த சுமார் 600 இந்தியச் சிப்பாய்களும் அவற்றில் இருந்தனர்.

செப்டம்பர் 23 ஆம் நாள் கப்பல்கள் மணிலா விரிகுடாவை அடைந்தன. போர் மூண்ட செய்தி அதுவரை மணிலாவுக்கு முறையாக எட்டவேயில்லை! ஆளுநர் இறந்துபோனதால், மனுவேல் ரோஹோ என்ற பேராயரே ஆளுநர் பொறுப்பைப் பார்த்துவந்தார். செபமாலை பிடித்த கையில் போர் வந்து விழுந்தது. ஆங்கிலேயர் சாந்தியாகோ கோட்டையை நேரே தாக்கவில்லை. நகரத்தின் தெற்குப் புறத்தில் இறங்கி, அங்கே மதிலைப் பீரங்கியால் உடைத்தனர். அக்டோபர் 6 ஆம் நாள் காலையில் உடைந்த மதில்வழியே நகரத்துக்குள் புகுந்தனர். பேராயரும் அதிகாரிகளும் கடைசிப் புகலிடமான சாந்தியாகோ கோட்டைக்குள் சென்றனர், அன்றே பணிந்தனர். கடலையும் ஆற்றையும் நோக்கித் திருப்பி வைத்த பீரங்கிகள், தரை வழியே வந்த பகைவனுக்கு முன் பயன்படவில்லை. நகரைச் சூறையாடாமலிருக்க 40 லட்சம் வெள்ளி நாணயம் கேட்டனர் வென்றவர்; அதில் ஒரு பகுதியே வசூலாயிற்று. சூறையும் நடந்தது.

ஆயினும், நாடு பணியவில்லை. சிமோன் தெ ஆந்தா என்ற நீதிபதி நகரத்திலிருந்து தப்பி, பம்பாங்கா மாகாணத்துக்குச் சென்று, ஊர்ப்புறத்து மக்களைக் கொண்டு எதிர்ப்பைத் தொடர்ந்தார். ஆங்கிலேயரால் மணிலாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் தவிர வேறெதையும் நிலையாகப் பிடிக்க முடியவில்லை. கோட்டையைப் பிடித்தவர் நாட்டைப் பிடித்தவர் ஆகிவிட மாட்டார் என்பது அப்போது தெளிவாயிற்று. 1763 பிப்ரவரியில் பாரிசில் உடன்படிக்கை ஆனபோது, மணிலா வீழ்ந்த செய்தி அங்கே எட்டியிருக்கவில்லை. பெயர் சொல்லாத இடங்களையெல்லாம் திருப்பித் தருவது என்ற விதிப்படி, 1764 இல் நகரம் மீண்டும் ஸ்பானியரிடம் வந்தது. சென்னையிலிருந்து சென்ற சிப்பாய்களிற் சிலர் திரும்பவேயில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்னும் ஊரில் தங்கி, அந்நாட்டுப் பெண்களை மணந்து குடியாயினர் என்று அவ்வூரில் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். தங்களை அவர்களின் வழித்தோன்றல்கள் என்று கூறும் குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு.

வெளிப்பகையைத் தடுக்கத் தவறிய கோட்டை, வேறொரு வேலையைச் செம்மையாகச் செய்தது. சாந்தா பார்பரா கொத்தளத்தின் அடியிலிருந்த அறைகளை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? வெடிமருந்துக்கு ஈரம் ஆகாது. ஆற்றங்கரையிலிருந்த அந்த அறைகளிலோ ஈரம் நீங்கவேயில்லை. மருந்துக்கு ஆகாத அறை மனிதருக்குப் போதும் என்று கருதினர் போலும். அவை சிறைகளாயின. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், விடுதலை வேட்கை கொண்ட பிலிப்பைன்ஸ் மக்களால் அவை நிரம்பின.

அக்கோட்டையில் அடைபட்டவர்களுள் தலைசிறந்தவர் ஹோசே ரிசால். 1861 ஜூன் 19 ஆம் நாள் பிறந்த அவர், மத்ரித், பாரிஸ், ஹைடல்பர்க் ஆகிய நகரங்களிற் பயின்று கண் மருத்துவரானார். பார்வை மங்கிய தம் அன்னையின் கண்ணுக்குத் தாமே அறுவை செய்தார். பல மொழி கற்றவர். ஸ்பானிய ஆட்சியின் கொடுமைகளைக் காட்டி 1887 இலும் 1891 இலும் இரண்டு நாவல்களை வெளியிட்டார். அவர் வாளெடுத்தவர் அல்லர். கல்வியாலும் சீர்திருத்தத்தாலும் நாடு உயர வேண்டும் என்றவர். ஆயினும், அந்த நாவல்களை அரசு வாளினும் கொடியதாகக் கருதிற்று. 1892 இல் அவரைத் தாப்பித்தான் என்னும் தொலைவூருக்கு நாடு கடத்தினர். அங்கே பள்ளி நடத்தினார், நோய் தீர்த்தார், ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். 1896 ஆகஸ்டில் ஆந்த்ரேஸ் பொனிபாசியோவின் கதிபூனான் சங்கத்தார் புரட்சி தொடங்கியபோது, அதைத் தூண்டியவர் ரிசால் என்று குற்றம் சாட்டினர். கியூபாத் தீவில் மருத்துவத் தொண்டு செய்யப் புறப்பட்டுக் கப்பலிற் சென்றுகொண்டிருந்தவரைச் சிறைசெய்து திருப்பிக் கொண்டுவந்து, 1896 நவம்பர் 3 ஆம் நாள் சாந்தியாகோ கோட்டையில் அடைத்தனர்.

டிசம்பர் 26 ஆம் நாள் படைமன்றம் விசாரித்துச் சாவுத் தண்டனை விதித்தது. 29 ஆம் நாள் தாயும் உடன்பிறந்தாரும் வந்து விடைபெற்றனர். அப்போது ரிசால், தமக்கென வைத்திருந்த சிறிய சாராய அடுப்பு ஒன்றைத் தங்கைக்குக் கொடுக்கச் சொல்லி, அதனுள் ஒரு பொருள் இருக்கிறது என்பதைக் காவலருக்குப் புரியாதபடி ஆங்கிலத்தில் மெல்லக் கூறினார். வீட்டில் அதைத் திறந்து பார்த்தபோது, பொடி எழுத்தில் எழுதி மடித்த ஒரு சிறு தாள் கிடைத்தது. தாய்நாட்டிடம் விடைபெற்று அவர் பாடிய 14 செய்யுட்கள் அதில் இருந்தன. தலைப்பும் இல்லை, கையொப்பமும் இல்லை. இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட தடிப்புள்ள மதிலும், அகழியும், பீரங்கியும், காவலரும் சேர்ந்து அந்த ஒரு தாளைத் தடுக்க முடியவில்லை.

மறுநாள், டிசம்பர் 30 ஆம் நாள் காலையில், முழங்கைகளைப் பின்னே கட்டி, அவரைக் கோட்டை வாயில்வழியே பகும்பயான் திடலுக்கு நடத்திச் சென்றனர். முன்புறமாக நின்று குண்டு வாங்க அவர் இசைவு கேட்டார், மறுத்தனர். சுட்டவர்கள் நாட்டுச் சிப்பாய்கள். அவர்கள் தயங்கினால் அவர்களையே சுடுவதற்கு ஸ்பானியச் சிப்பாய்கள் பின்னே நின்றனர். அப்போது ரிசாலுக்கு வயது 35. அவருடைய செய்யுளோ கைமாறிக் கைமாறி நாடெங்கும் பரவிற்று. ஒன்றரை ஆண்டுக்குள், 1898 ஜூன் 12 ஆம் நாள், பிலிப்பைன்ஸ் மக்கள் விடுதலைப் பிரகடனம் செய்தனர்.

ஆனால் கோட்டைக்கு விடுதலை வரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கர் மணிலாவைப் பிடித்தனர். டிசம்பரில் ஸ்பெயினுக்கு இரண்டு கோடி டாலர் கொடுத்து, தீவுகள் முழுவதையும் தமதாக்கிக்கொண்டனர். கோட்டை அமெரிக்கப் படையின் அலுவலகமாயிற்று. மதிலகத்தைச் சூழ்ந்த அகழிகளைத் தூர்த்துப் புல் வளர்த்துக் கோல்ப் ஆடும் திடலாக மாற்றினர். 1942 இல் ஜப்பானியர் வந்தனர். அவர்களுடைய படைக் காவலரான கெம்பெய்த்தாயினரின் கையிற் கோட்டை சிக்கியது. பழைய அறைகள் மீண்டும் திறந்தன. ஐயத்துக்கு ஆளான யாரும் அங்கே கொண்டுசெல்லப்படலாம் என்ற நிலை வந்தது.

1945 பிப்ரவரியில் மணிலாவை மீட்கப் போர் நடந்தது. ஒரு மாதம் நீடித்த அப்போரில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் மாண்டனர் என்பர். ஜப்பானியர் செய்த படுகொலைகளும், அமெரிக்கரின் பீரங்கிக் குண்டுகளும் அதற்குக் காரணம். மதிலகத்திலிருந்த ஏழு கோயில்களுள் சான் அகுஸ்தின் கோயில் ஒன்றே நிலைத்தது. கோட்டையின் வாயிலும் நொறுங்கிற்று. போர் ஓய்ந்து அறைகளைத் திறந்தபோது, உள்ளே சுமார் 600 பேரின் உடல்கள் கிடந்தன. அடையாளம் காண இயலாத நிலையில் அவற்றை அருகிலேயே ஒருசேர அடக்கம் செய்தனர். அவ்விடத்தில் இன்று ஒரு வெண்ணிறச் சிலுவை நிற்கிறது.

1946 ஜூலை 4 ஆம் நாள் பிலிப்பைன்ஸ் தன்னாட்சி பெற்றது. இடிந்து கிடந்த கோட்டையை என்ன செய்வது? இத்தனை துயரம் விளைந்த இடத்தைத் தரைமட்டமாக்கியிருந்தாலும் யாரும் வருந்தியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்நாட்டார் அப்படிச் செய்யவில்லை. 1951 இல் ஒரு சட்டம் இயற்றி, அதைத் தேசியத் திருத்தலமாக அறிவித்தனர். 1979 முதல் மதிலகம் முழுவதையும் பாதுகாக்கத் தனி அமைப்பு ஒன்றும் ஏற்பட்டது. நொறுங்கிய வாயிலை மீண்டும் எழுப்பினர். சந்தியாகப்பரும் தம் குதிரையோடு பழைய இடத்துக்கு வந்துவிட்டார். ரிசால் அடைபட்டிருந்த கட்டடம் அவருடைய நினைவாலயமாயிற்று.

நான் சென்ற அன்று, பள்ளிக் குழந்தைகள் பலர் அங்கே வந்திருந்தனர். ரிசாலின் அறையிலிருந்து வாயிலை நோக்கித் தரையில் வெண்கல அடிச்சுவடுகள் பதித்திருக்கிறார்கள். அவர் கடைசியாக நடந்துசென்ற பாதை அது. ஒரு சிறுவன் தன் காலணியை ஒரு சுவட்டின்மேல் வைத்து அளந்து பார்த்தான். சுவடு சற்றே பெரிதாக இருந்தது. அடுத்த சுவட்டுக்குத் தாவினான். அதற்கடுத்ததற்கும் தாவினான். உடன் வந்த ஆசிரியை அவனைத் தடுக்கவில்லை. அவன் வாயில்வரை அவ்வாறே சென்று, வெளியே வெயிலில் நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தான். ரிசால் திரும்பி வராத அந்த வாயில்வழியே அவன் மறுபடி உள்ளே ஓடிவந்தான்.

மாணவ நண்பர்களே, கோட்டை யாரைக் காக்கிறது என்ற கேள்வியோடு தொடங்கினேன். மதிலுக்குத் தன்னைக் கட்டியவனும் தெரியாது, தனக்குள் அடைபட்டவனும் தெரியாது. சுலைமானின் இடத்தில் ஸ்பானியரும், ஸ்பானியரின் இடத்தில் ஆங்கிலேயரும், பின்னர் அமெரிக்கரும் ஜப்பானியரும் நின்றனர். கல் எல்லாருக்கும் ஒரே மாதிரி உழைத்தது. வெள்ளியைக் காத்தது, ஆட்சியாளரைச் சில காலம் காத்தது, அதைக் கட்டிய மக்களை மட்டும் காக்கவேயில்லை. இன்று பீரங்கியும் காவலரும் இல்லாத நிலையில்தான் அது முதன்முறையாக அந்த மக்களுக்குப் பயன்படுகிறது. நடந்தவற்றை மறக்கவிடாமல் அது நிற்கிறது.

நம் ஊர்களிலும் கோட்டைகள் இருக்கின்றன. அடுத்த முறை அவற்றுள் ஒன்றுக்கு நீங்கள் சுற்றுலாச் செல்லும்போது, அதைக் கட்டிய மன்னன் யார், எந்த ஆண்டிற் கட்டினான் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். கல் சுமந்தவர் யார், உள்ளே அடைபட்டவர் யார் என்றும் கேளுங்கள். விடை சொல்ல ஆள் இல்லாவிட்டாலும், கீழறையின் ஈரச் சுவரருகே சிறிது நேரம் நின்று வாருங்கள்.